ஈறில் கல் மாதிரி ஒரு கட்டி: புற்றா, கிருமியா? அப்பாவுக்காகக் கேட்கிறேன்

தாழம்பூ | மார்ச் 4, இரவு 10.20

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு 61 வயது. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருடமாக சுகர். வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தது. அதை விட்டு ஆறு வருடம் ஆகிறது. போன கார்த்திகையில் இடது பக்கம் கீழே ஒரு கடைவாய்ப் பல் சொத்தையாகி ஆடியதால் பிடுங்கினார்கள். ஒரு மாதம் கழித்து அந்த இடத்து ஈறு தடிக்க ஆரம்பித்தது. பொங்கலுக்கு நெல்லிக்காய் அளவு ஆகிவிட்டது. வலி பெரிதாக இல்லை. தொட்டால் மரக்கட்டையைத் தொடுவது போல இருக்கிறது. இப்போது தாடைக்கு வெளியிலும் வீக்கம் தெரிகிறது, தோல் ஓர் இடத்தில் கருஞ்சிவப்பாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஆச்சி பொன்னுக்கு வீங்கி என்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டார்கள். அப்புறம் மெடிக்கலில் மாத்திரை வாங்கி ஐந்து நாள், ஐந்து நாள் என்று மூன்று தடவை சாப்பிட்டார். சாப்பிடும்போது கொஞ்சம் வற்றும். நிறுத்திப் பத்து நாளில் பழையபடி வந்துவிடும்.

நேற்றுதான் பல் டாக்டரிடம் போனோம். வாயைத் திறந்து பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "கேன்சர் மாதிரி தெரிகிறது, தள்ளிப் போடாமல் பயாப்ஸி எடுங்கள்" என்றார். அதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பெரியப்பாவோ, "கத்தி பட்டால் பரவிவிடும், தொடவே விடாதே" என்கிறார். அப்பா யாரிடமும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

புற்று இல்லாமல் வேறு ஏதாவதாக இருக்க வாய்ப்பு உண்டா? பயாப்ஸி எடுத்தால் உண்மையிலேயே பரவுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வேலிப்பருத்தி | மார்ச் 4, இரவு 10.51

தங்கச்சி, முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். இங்கே பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார், இரவு வருவார். அவர் வரும்வரை ஒன்று மட்டும்: மெடிக்கலில் நாலாவது தடவை மாத்திரை வாங்கப் போகாதீர்கள்.

---

கடைவாய்ப்பல் | மார்ச் 4, இரவு 11.40

நான் பல் மருத்துவன், இருபத்தோரு வருடமாகத் தொழிலில் இருக்கிறேன். அப்பாவின் வாயை நான் பார்க்கவில்லை, அதனால் இது இன்னதுதான் என்று சொல்லப் போவதில்லை. உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். பயாப்ஸி எடுத்தால் வாய்ப்புற்று பரவும் என்பதற்கு அடிப்படை கிடையாது. சிறிய சதைத் துண்டு ஒன்றை மரத்துப்போகும் ஊசி போட்டு எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல் வரும், அவ்வளவுதான். இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்றால், நம் ஊரில் பலர் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். சதை எடுத்த ஒரு மாதத்தில் நோய் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. கத்தி பட்டதால்தான் என்று பழி கத்தி மேல் விழுகிறது. பெரியப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவரும் தம்பி மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்.

இப்போது முதல் கேள்வி. ஆமாம், வாய்ப்பு உண்டு. ஈறில் வரும் கட்டியெல்லாம் புற்று இல்லை. செத்துப்போன பல்லின் வேர் நுனியில் சீழ் கோத்து, எலும்பைத் துளைத்துக்கொண்டு ஈறில் கொப்புளமாக வரும். அழுத்தினால் சீழ் வரும், வற்றும், மறுபடி வரும். புரை ஓடிவிட்டது என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். அந்தத் துளை வழியாக மெல்லிய ரப்பர் குச்சி ஒன்றை விட்டு எக்ஸ்ரே எடுத்தால், அது நேராகக் குற்றவாளிப் பல்லின் வேரில் போய் நிற்கும். சிலருக்குப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பையில் காரை சேர்ந்து சீழ்க்கட்டி வரும். இவை இரண்டும் தினமும் நான் பார்ப்பவை, மிரள வேண்டியதே இல்லை.

ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் வேறு. மரக்கட்டை போன்ற இறுக்கம், வலி குறைவு, பல் பிடுங்கிய இடம், சுகர், மாத்திரைக்கு வற்றித் திரும்ப வருவது, வெளித்தோல் கருஞ்சிவப்பாவது. இதைப் படித்ததும் என் மனதில் இரண்டு பெயர் வந்தது. ஒன்று, உங்கள் டாக்டர் சொன்னதுதான், அதை ஒதுக்கவே முடியாது, புகையிலை போட்ட வாய் அது. இன்னொன்று ஆக்டினோமைகோசிஸ். கிருமியால் வருவது, புற்று போலவே வேஷம் போடுவது, மருந்தில் முழுதாகக் குணமாவது.

கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. என்னாலும் முடியாது. அதனால்தான் சதை எடுக்கச் சொல்கிறோம்.

---

தாழம்பூ | மார்ச் 5, காலை 6.15

டாக்டர், ரொம்ப நன்றி. இரவு முழுக்கத் தூங்கவில்லை, இதை நாலு தடவை படித்தேன். அந்த ஆக்டினோமைகோசிஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? அப்பாவுக்கு அந்தக் கிருமி எங்கிருந்து தொற்றியிருக்கும்? அப்பா சாப்பிட்ட தட்டில் பேரன் சாப்பிடுகிறான்.

---

நுண்ணாடி | மார்ச் 5, காலை 9.05

நான் நோய்க்குறியியல் துறை. சதையைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கிற வேலை. பேரனைப் பற்றிப் பயம் வேண்டாம், இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுகிற நோய் இல்லை.

அந்தக் கிருமி எங்கிருந்தும் வரவில்லை. அது உங்கள் அப்பா வாயிலேயே இருந்தது. என் வாயில் இருக்கிறது, இதைப் படிக்கிறவர்கள் வாயிலும் இருக்கும். பல் மேல் படியும் பசையில், ஈறு இடுக்கில், தொண்டைச் சதையின் குழிகளில் அது குடியிருக்கிறது. பெரும்பாலும் ஆக்டினோமைசிஸ் இஸ்ரேலி என்ற இனம். ஆக்சிஜன் பிடிக்காத ஜாதி. ஈறின் தோல் முழுதாக இருக்கும்வரை அதனால் உள்ளே போக முடியாது. பல் பிடுங்கிய குழி, தாடையில் பட்ட அடி, ஆழமான சொத்தை, இப்படி ஒரு வாசல் கிடைத்தால் உள்ளே இறங்கிவிடும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் அதற்கு இன்னும் வசதி.

உள்ளே போனபின் மெதுவாக வளரும். காய்ச்சல், கடும் வலி என்று ஆர்ப்பாட்டம் இருக்காது. சதை, எலும்பு, தோல் என்று ஒன்றுக்கும் வரப்பு பார்க்காமல் நேராகக் குடைந்துகொண்டே போகும். உடம்பு அதைச் சுற்றித் தழும்புச் சதையால் சுவர் எழுப்பும். அந்தக் கல் போன்ற இறுக்கம் அந்தச் சுவர்தான். இவை எல்லாமே புற்றும் செய்கிற வேலைதான். ஸ்கேனிலும் ஒன்று போலத் தெரியும். சர்க்கரை கலந்த மருந்தை ஏற்றிப் புற்றைத் தேடுகிற பெட் ஸ்கேன்கூட ஏமாந்துவிடும், ஏனென்றால் வீக்கமுள்ள சதையும் சர்க்கரையை இழுத்துக்கொண்டு பளிச்சென்று தெரியும்.

சதை எடுக்கும்போது ஒரு விஷயத்தை மறக்காமல் கேளுங்கள். எடுக்கிற சதை முழுவதையும் அது கெடாமல் வைக்கிற ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டு ஃபார்மலினில் என்னைப் போன்றவர்களுக்கு, இன்னொரு துண்டு சுத்தமான உப்புநீரில் நுண்ணுயிரியல் லேபுக்கு. காற்றுப் படாமல் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். "ஆக்டினோமைகோசிஸ் சந்தேகம், இரண்டு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள்" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதவில்லை என்றால் சில நாளில் ஒன்றும் வளரவில்லை என்று கிருமி வளர்க்கும் தட்டைக் கொட்டிவிடுவார்கள். சீட்டில் அந்த ஒரு வரி இல்லாததால் மாதக்கணக்கில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

---

மேய்ச்சல்நிலம் | மார்ச் 5, மதியம் 1.30

நான் கால்நடை மருத்துவர். இந்த இழையில் எனக்கும் ஒரு இடம் உண்டு என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்த நோயை முதலில் கண்டுபிடித்தது மாட்டில்தான்.

மாட்டுக்குத் தாடை எலும்பு ஊதி, கல் போல இறுகி, அப்புறம் தோல் உடைந்து சீழ் வரும். ஐரோப்பாவில் ரொம்ப காலம் அதை எலும்பில் வந்த சதைப்புற்று என்றே நினைத்திருந்தார்கள். 1877-இல் ஜெர்மனியில் ஒட்டோ போலிங்கர் என்பவர் அந்தச் சீழில் மஞ்சள் மணிகளைப் பார்த்து, இது புற்று இல்லை, உயிருள்ள ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று எழுதினார். தாவரவியலாளர் ஹார்ட்ஸ் அதை நுண்ணோக்கியில் பார்த்துக் கதிர்ப்பூஞ்சை என்று பொருள்படும் பெயரை வைத்தார். நடுவிலிருந்து சூரியக் கதிர் மாதிரி இழைகள் விரிந்திருக்கும். அடுத்த வருடமே பெர்லினில் ஜேம்ஸ் இஸ்ரேல் என்ற அறுவை மருத்துவர் மனிதரிடமும் அதே போன்ற நோயைப் பதிவு செய்தார். மனிதருக்கு வரும் கிருமியின் பெயரில் இருக்கும் இஸ்ரேல் அவர்தான், நாடு இல்லை. பூஞ்சை என்று பெயர் வைத்தது தவறு, அது பாக்டீரியா என்று பின்னால் தெளிவானது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

மாட்டுக்கு முரட்டு வைக்கோலும் முள்ளும் ஈறைக் குத்துவதால் கிருமி உள்ளே போகும். அதைப் பார்த்துவிட்டு, வைக்கோல் துரும்பை வாயில் வைத்துக் கடிக்கிற விவசாயிக்கு அந்தத் துரும்பிலிருந்துதான் நோய் வருகிறது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். நுண்ணாடி சொன்னதுதான் சரி, கிருமி துரும்பில் இல்லை, வாயில்தான் இருக்கிறது. ஆனால் துரும்பு வாசலைத் திறந்துவிடும். துடைப்பக்குச்சி, ஊக்கு, நெருப்புக்குச்சி என்று கிடைத்ததை எடுத்து ஈறைக் குத்துகிற பழக்கம் நம் வீடுகளில் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

தாழம்பூ, மாட்டிடமிருந்து அப்பாவுக்கு வந்திருக்குமோ என்று யாராவது கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுங்கள். மாட்டில் வருவது வேறு இனம்.

---

கருவேலங்காடு | மார்ச் 5, மாலை 6.45

எல்லோரும் கிருமி என்று தைரியம் சொல்வதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நம்பிக்கையைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

என் தாய்மாமாவுக்கு மேல் ஈறில் ஒரு பல் ஆடியது. பிடுங்கினார்கள். குழி ஆறவில்லை. இன்ஃபெக்‌ஷன் என்று மாத்திரை கொடுத்தார்கள், மாற்றி மாற்றி நாலு மாதம். ஒரே இடத்தில் மூன்று தடவை சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். ஒருவர்கூட சதை எடுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது. கடைசியில் வேறு ஊரில் பார்த்தபோது அது ஈறுப் புற்று, கழுத்தில் நெறி கட்டியிருந்தது. பாதி மேல் தாடையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மாமா இருக்கிறார், ஆனால் அந்த நாலு மாதத்தை நினைக்காத நாள் எங்கள் வீட்டில் இல்லை.

கிருமியைப் புற்று என்று நினைத்துப் பயந்தால் சில ராத்திரி தூக்கம் போகும். புற்றைக் கிருமி என்று நினைத்துவிட்டால் என்ன போகும் என்று நாங்கள் பார்த்தோம். அப்பாவை நாளைக்கே கூட்டிப் போங்கள்.

---

கடைவாய்ப்பல் | மார்ச் 5, இரவு 9.30

கருவேலங்காடு எழுதியதை எல்லோரும் படியுங்கள். நான் எழுத வேண்டியதை அவர் எனக்கு முன்னால் எழுதிவிட்டார். ஈறுப் புற்று பல நேரம் ஈறு நோயாகவே வேஷம் போடும். ஒரே ஒரு பல் மட்டும் காரணமில்லாமல் ஆடும், அந்த இடத்து ஈறு சிவந்து முண்டும், பிடுங்கினால் குழி ஆறாது. இந்தியாவில் ஆண்களுக்கு வரும் புற்றில் வாய்ப்புற்றுதான் முதல் வரிசையில் நிற்கிறது. புகையிலையை அதக்கி வைக்கிற ஈறும் கன்னமும் சேருமிடம்தான் பெரும்பாலும் அடிபடுகிறது. வாயில் எந்தப் புண்ணும் கட்டியும் இரண்டு வாரம், போனால் மூன்று வாரம், அதற்குமேல் ஆறாமல் இருந்தால் சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். கீழுதடு மரத்துப்போனாலும், வாய் திறக்க முடியாமல் போனாலும் அந்த மூன்று வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

தாழம்பூ, இன்னொன்று. இப்போது எந்த ஆன்டிபயாட்டிக்கும் ஆரம்பிக்காதீர்கள். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருந்தால் நேரே அவசரப் பிரிவு, அது வேறு. இல்லையென்றால் சதை எடுக்கும்வரை பொறுங்கள். அரைகுறையாக மாத்திரை போட்டால் கிருமி லேபில் வளராது, ஆனால் உள்ளே சாகாது.

---

பூவரசு | மார்ச் 5, இரவு 10.10

இதே மாதிரி பயம் எனக்கும் இருந்தது, அதனால் எழுதுகிறேன். இரண்டாவது குழந்தை வயிற்றில் ஏழு மாதம். முன்பல்லுக்கு மேலே ஈறில் நாவல்பழம் மாதிரி ஒரு கட்டி. பிரஷ் பட்டால் போதும், ரத்தம் நிற்காது. ரிப்போர்ட்டில் 'பிரக்னன்சி டியூமர்' என்று எழுதியிருந்தார்கள். டியூமர் என்ற வார்த்தையைப் பார்த்து வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் அது தானாகச் சுருங்கிப் போய்விட்டது. அதுவும் கிருமியால் வருவதுதானா டாக்டர்?

---

கடைவாய்ப்பல் | மார்ச் 5, இரவு 10.55

இல்லை சகோதரி, அது வேறு கதை. பயோஜெனிக் கிரானுலோமா என்பார்கள். சீழ் உண்டாக்கும் கட்டி என்று பொருள், ஆனால் அதில் சீழும் கிடையாது, உண்மையான கிரானுலோமாவும் (பாதுகாப்பு அணுக்கள் திரண்ட முடிச்சு) கிடையாது. 1897-இல் பிரான்சில் போன்சே, டோர் என்ற இருவர் எழுதியபோது குதிரையிடமிருந்து தொற்றுவது என்று நினைத்தார்கள். 1904-இல் ஹார்ட்செல் என்பவர், சீழ்க் கிருமிதான் காரணம் என்று நம்பி இந்தப் பெயரை வைத்தார். நுண்ணிய ரத்தக் குழாய்கள் கொத்தாக முளைப்பதுதான் அது. காரையும் பசையும் ஈறை உறுத்திக்கொண்டே இருக்கும். கர்ப்பகால ஹார்மோன் அந்த உறுத்தலுக்கு எண்ணெய் ஊற்றும். மெதுவாகப் பல் சுத்தம் செய்தாலே பாதி அடங்கிவிடும். பிரசவத்துக்குப் பிறகும் போகவில்லை என்றால் சின்னதாக எடுத்துவிடுவோம்.

தாழம்பூவின் அப்பா கட்டி ரத்தம் கசிவதாகச் சொல்லவில்லை, அதனால் நான் அதை நினைக்கவில்லை.

---

செம்பருத்திவேலி | மார்ச் 6, காலை 8.00

கடுக்காய்ப் பொடியில் வாய் கொப்பளித்து, கட்டி மேல் சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துத் தடவச் சொல்லுங்கள். எங்கள் பாட்டி காலத்தில் எல்லாக் கட்டியும் இதில் உடைந்துவிடும்.

---

நுண்ணாடி | மார்ச் 6, காலை 8.40

கொப்பளிப்பதில் தப்பில்லை, வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் போதும். ஆனால் சுண்ணாம்பை ஈறில் தடவவே வேண்டாம், தயவுசெய்து. மேல்தோல் வெந்துவிடும். வெந்த சதையை எனக்கு அனுப்பினால் அதில் நோய் எது, சூடு எது என்று எனக்கே தெரியாது.

---

தாழம்பூ | மார்ச் 9, இரவு 8.30

இன்று சதை எடுத்தார்கள். பதினைந்து நிமிடம்தான். அப்பா வெளியே வந்து, "இவ்வளவுதானா, இதுக்கா இத்தனை நாள்" என்றார். மூன்று நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. பெரியப்பாவும் கூட வந்தார். நானே கடைவாய்ப்பல் டாக்டர் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

ஆனால் இரண்டு பாட்டில் பற்றிக் கேட்டபோது, அதெல்லாம் தேவையில்லை, முதலில் இது வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். முழுவதும் ஃபார்மலினில்தான் போனது. வற்புறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

---

தாழம்பூ | மார்ச் 15, மதியம் 12.10

ரிப்போர்ட் வந்துவிட்டது! புற்று அணுக்கள் இல்லை என்று போட்டிருக்கிறார்கள்! 'நாள்பட்ட வீக்கம், ஆறும் சதை' என்று மட்டும்தான். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறார். எல்லோருக்கும் கோடி நன்றி.

---

நுண்ணாடி | மார்ச் 15, மதியம் 2.25

மனம் நிறைந்த சந்தோஷம். ஆனாலும் இங்கே நிறுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த ரிப்போர்ட் சொல்வது, எடுத்த துண்டில் புற்று இல்லை என்பது மட்டும்தான். கட்டி ஏன் வந்தது என்று அது சொல்லவில்லை. மேலாகக் கிள்ளி எடுத்தால் புற்றாக இருந்தாலும் கிருமியாக இருந்தாலும் இதே 'நாள்பட்ட வீக்கம்' என்று வரலாம், ஏனென்றால் அது வெளிச்சுவர். ஆழத்தில் உள்ளது கையில் சிக்கவில்லை. கட்டி இன்னும் அங்கேயே இருக்கிறது அல்லவா? அப்படியானால் பதில் இன்னும் வரவில்லை. ஆழமாக ஒரு துண்டு வேண்டும், இந்தத் தடவை இரண்டு பாட்டில்.

---

கருவேலங்காடு | மார்ச் 15, மாலை 5.00

தங்கச்சி, நுண்ணாடி சொல்வதைக் கேளுங்கள். "நெகட்டிவ் வந்துவிட்டது" என்று வீட்டில் எல்லோரும் சொல்லும்போது திரும்பக் கூட்டிப் போவது கஷ்டம். தெரியும். இருந்தாலும் போங்கள்.

---

தாழம்பூ | மார்ச் 17, காலை 7.20

நேற்று இரவு தாடைக்குக் கீழே அந்தக் கருஞ்சிவப்பு இடம் உடைந்துவிட்டது. கெட்டியான சீழ் வந்தது. பஞ்சில் துடைத்தபோது அப்பாதான் பார்த்துச் சொன்னார், "ரவை மாதிரி மஞ்சளாக ஏதோ இருக்குதும்மா" என்று. விரலில் தேய்த்தால் நறநற என்கிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மேய்ச்சல்நிலம் சார் எழுதிய மஞ்சள் மணி இதுதானா?

---

மேய்ச்சல்நிலம் | மார்ச் 17, காலை 7.48

அதைத் தூக்கிப் போடாதீர்கள். சுத்தமான மூடி போட்ட டப்பாவில் அந்தப் பஞ்சோடு எடுத்துக்கொண்டு இன்றே போங்கள்.

---

நுண்ணாடி | மார்ச் 17, காலை 8.10

அவர் சொன்னபடி செய்யுங்கள். கந்தக மணி என்று பெயர், நிறத்தை வைத்து வந்த பெயர், உள்ளே கந்தகம் இல்லை. கிருமி இழைகள் ஆயிரக்கணக்கில் பின்னிப் பிணைந்து ஒரு மணியாக இருக்கிறது. பஞ்சு காய்ந்திருந்தாலும் பரவாயில்லை, நசுக்கிக் கிராம் சாயம் (கிருமியை நிறத்தில் காட்டும் சாயம்) போட்டுப் பார்க்கலாம். ஆனால் புதிதாக ஊசியால் உறிஞ்சி எடுப்பது இன்னும் நல்லது. வேறு சில நோயிலும் மணி வரும், அதனால் மணி மட்டும் போதாது, ஆழத்துச் சதையும் வேண்டும்.

---

தாழம்பூ | ஏப்ரல் 2, இரவு 9.15

கொஞ்சம் தாமதம், மன்னியுங்கள். ஆஸ்பத்திரியிலேயே இருந்தோம்.

வேறொரு இடத்துக்குக் கூட்டிப் போனோம். முகத்தாடை அறுவை டாக்டர் ஒருவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பஞ்சை வாங்கிப் பார்த்தார். மார்ச் 19 அன்று உள்ளே ஆழமாகச் சதை எடுத்து, பல் பிடுங்கிய குழியில் கெட்டுப்போன எலும்பைச் சுரண்டினார்கள். சீட்டில் அவரே எழுதினார், நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சதையில் மணியும் அதைச் சுற்றி வெள்ளணுக்களும் தெரிகிறது, கிளை விட்ட இழைக் கிருமி என்று வந்தது. ஆக்டினோமைகோசிஸ். பல துண்டுகள் பார்த்தும் எதிலும் புற்று இல்லை. லேபில் மட்டும் ஒன்றும் வளரவில்லை என்கிறார்கள். அதனால் சந்தேகம் இன்னும் இருக்கிறதா?

இரண்டு வாரமாகப் பென்சிலின் நரம்பு ஊசி போகிறது. அப்புறம் வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை என்கிறார்கள். மாதக்கணக்கிலா? முன்பு சாப்பிட்ட மாத்திரை ஏன் கேட்கவில்லை?

---

நுண்ணாடி | ஏப்ரல் 2, இரவு 10.00

கண் கலங்கிவிட்டது தாழம்பூ.

லேபில் வளராதது ரொம்ப சகஜம். அதுவும் மூன்று தடவை மாத்திரை சாப்பிட்டவருக்கு. இந்தக் கிருமி வாயில் எல்லோருக்கும் இருப்பதால், மேலோட்டமாக ஒட்டியிருப்பதைப் பார்த்து நோய் என்று நாங்கள் எழுத மாட்டோம். புற்றுப் புண் மேலும் அது வந்து உட்காரும், கதிர்வீச்சில் செத்த எலும்பின் மேலும் உட்காரும். ஆனால் சதைக்கு உள்ளே மணியாக இருந்து, வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து நின்றால், அது நோய். உங்கள் ரிப்போர்ட் அதைத்தான் சொல்கிறது. ஆழத்திலிருந்து எடுத்த பல துண்டுகளிலும் புற்று இல்லை என்பது இந்தத் தடவை கனமான பதில். போன தடவை மாதிரி இல்லை.

---

கடைவாய்ப்பல் | ஏப்ரல் 2, இரவு 10.40

முன்பு வாங்கிய மாத்திரை என்ன என்று பாருங்கள். மெட்ரோனிடசோல் இருந்தால் ஆச்சரியமில்லை. பல்வலி என்றால் நம் ஊரில் முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வாயில் உள்ள வேறு பல கிருமிகளுக்கு அது நல்ல மருந்து, ஆனால் ஆக்டினோமைசிஸுக்கு வேலை செய்யாது. கூட வந்த கிருமிகள் சாகும், வீக்கம் கொஞ்சம் இறங்கும், நிறுத்தினால் மறுபடி ஏறும். நீங்கள் முதல் நாள் எழுதியது அப்படியே அதுதான்.

பென்சிலின் வகை இதற்கு நன்றாகக் கேட்கும். ஆனால் அந்தத் தழும்புச் சுவருக்குள் ரத்த ஓட்டம் குறைவு, மருந்து மெதுவாகத்தான் ஊறி இறங்கும். மணிக்குள்ளே கிருமிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அதனால்தான் ஐந்து நாள் போதாது. பழைய வழக்கம் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். தாடையில் வந்து, நன்றாகச் சுத்தமும் செய்துவிட்டால் இன்னும் சீக்கிரம் முடிக்கிறவர்களும் உண்டு. எவ்வளவு நாள் என்பதை அப்பாவைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வீக்கம் போய்விட்டதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அங்கேதான் பலருக்குத் திரும்ப வருகிறது.

---

வேலிப்பருத்தி | ஏப்ரல் 3, காலை 6.50

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் என்ன செய்வார்கள் டாக்டர்? என் அண்ணிக்கு ஊசி போட்டு ஒரு தடவை உடம்பெல்லாம் தடித்துவிட்டது, அதனால் கேட்கிறேன்.

---

கடைவாய்ப்பல் | ஏப்ரல் 3, மதியம் 1.15

டாக்சிசைக்ளின், கிளிண்டாமைசின் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. அண்ணியின் ஒவ்வாமையை ஒரு தாளில் எழுதி பர்சில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டட்டும்.

---

தாழம்பூ | ஜூன் 21, மாலை 7.05

அப்பாவுக்கு வெளி வீக்கம் முழுதாக இறங்கிவிட்டது. உடைந்த இடம் சின்ன வடுவாகிவிட்டது. ஈறு மெத்தென்று இருக்கிறது, கல் இல்லை. சுகரும் கட்டுக்குள் வந்திருக்கிறது. ராத்திரி தட்டில் பாதி சோறு வைத்தால் அம்மாவிடம் சண்டை போடுகிறார். மாத்திரை இன்னும் மூன்று மாதம். நாட்காட்டியில் பேரன்தான் தினமும் கோடு போடுகிறான், அவனுக்குத் தெரியாமல் அப்பாவால் ஒரு வேளைகூடத் தவற விட முடியாது.

முதலில் பார்த்த பல் டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பயமுறுத்திவிட்டார் என்று அன்றைக்கு எனக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபம் இப்போது இல்லை. அவர் அன்று சொல்லியிருக்காவிட்டால் நான் நாலாவது தடவை மெடிக்கலுக்குத்தான் போயிருப்பேன்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. பிடுங்கிய இடத்தில் பல் கட்டிக்கொள்ளலாமா? அப்பாவுக்கு முறுக்கு சாப்பிட ஆசையாக இருக்கிறது.

---

கடைவாய்ப்பல் | ஜூன் 21, இரவு 9.40

மாத்திரை முடியட்டும். அதன்பின் ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கழற்றி மாட்டுகிற பல் செட்டில் ஆரம்பிக்கலாம், ஈறை உறுத்தாமல் இருக்கிறதா என்று அடிக்கடி காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வாயைத் திறந்து காட்டுவதை நிறுத்தாதீர்கள், பழைய புகையிலை வாய் அது. முறுக்கை அதுவரை பாலில் ஊறவைத்துக் கொடுங்கள்.